ஃபிஃப்த் வீல் டிரெய்லரை மட்டம் பார்த்து நிறுத்துவது எப்படி: ஆட்டோ ஜாக், பலகை, கட்டை

டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில் ஒரு சரளைத் தரை முகாமில், புதிதாக ஃபிஃப்த் வீல் (டிரக்கின் பின்தொட்டியில் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர்) வாங்கிய நண்பர் ஒருவர் டிரக்கைக் கழற்றிவிட்டு ஆட்டோ லெவல் பட்டனை அமுக்கினார். ஐந்து நிமிடத்தில் டிரெய்லருக்குள் எல்லாம் மட்டம். வெளியே வந்து பார்த்தால் வலது பக்கச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு நான்கு விரல் உயரத்தில் தொங்குகின்றன. "அண்ணா, பட்டனை அமுக்கினா அதுவே பாத்துக்கும்னு சொன்னாங்களே?" என்றார். அது பார்த்துக்கொண்டது உண்மைதான். மட்டம் ஆக்கு என்றோம், ஆக்கியது. சக்கரம் தரையில் இருக்கவேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

நான் பார்த்தவரை புதியவர்களின் தடுமாற்றத்தில் பெரும்பகுதி பட்டனில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. பக்கவாட்டுச் சாய்வை டிரக் மாட்டியிருக்கும்போதே பலகை போட்டுச் சரிசெய்துவிடவேண்டும். முன்பின் சாய்வை டிரக்கைக் கழற்றியபின் ஜாக் பார்த்துக்கொள்ளும். இதைத் தலைகீழாகச் செய்தால் திரும்ப மாட்டி, திரும்பக் கழற்றி, இருட்டிவிடும்.

கீழே சொல்வது ஆறு ஹைட்ராலிக் ஜாக் கொண்ட, இரண்டு அச்சு உள்ள டிரெய்லருக்கு: முன்னால் இரண்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னுமாக நான்கு. மின்சார மோட்டார் ஜாக் என்றாலும் வரிசை மாறாது. பட்டன் பெயர்கள் மாறலாம். அதற்கு உங்கள் கையேடு.

1. கிளம்பும் முன் சேர்த்துக்கொள்ளவேண்டியவை

பலகைகள்: கடையில் 2x12 என்று விற்பது நிஜத்தில் ஒன்றரை இன்ச் தடிமன், பதினொன்றேகால் இன்ச் அகலம். இந்த வண்டிகளின் டயர் அகலம் பெரும்பாலும் ஒன்பது இன்ச்சை ஒட்டி வரும். 2x10 வாங்கினால் டயர் விளிம்புக்கு விளிம்பு நிற்கும். அரை இன்ச் விலகினாலும் ரப்பர் வெளியே தொங்கும். அதனால் 2x12. ஆறடி நீளத்தில் இரண்டு, ஐந்தடியில் இரண்டு போதும். முனைகளைச் சாய்வாக அறுத்துவிடுங்கள், சக்கரம் இடிக்காமல் ஏறும்.

ஜாக் பாதத்துக்குக் கட்டைகள்: பாதத்தைவிட எல்லாப் பக்கமும் அகலமாக இருக்கவேண்டும். ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டைகளும் நல்லவைதான். ஆனால் கூரான கல் மேல் நேராக வைத்தால் விரிசல் விடும். அடியில் ஒரு பிளைவுட் துண்டு போடுங்கள். உள்ளே ஓட்டை உள்ள சிமென்ட் பிளாக்கை மட்டும் தொடவே வேண்டாம். மரம் முதலில் முனகும், நசுங்கும், நமக்கு நேரம் கொடுக்கும். சிமென்ட் பிளாக் எச்சரிக்காமல் ஒரே நொடியில் தூளாகும்.

இவற்றோடு நல்ல ரப்பர் சக்கரக் கட்டைகள் நான்கு, இரண்டு டயர்களுக்கு நடுவே இறுக்கும் எக்ஸ் வடிவக் கட்டை ஒரு ஜோடி, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று, ஒரு டார்ச். கைபேசியில் டிகிரி காட்டும் மட்ட செயலியும் வேண்டும். ஏன் டிகிரி என்பது மூன்றாவது படியில் வரும்.

2. ஒரே ஒரு தடவை: பூஜ்ஜியப் புள்ளி

எது மட்டம் என்று ஜாக்குகளை இயக்கும் கன்ட்ரோலருக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். டீலர் செய்திருப்பார் என்று நம்பிவிடாதீர்கள்.

வீட்டு வாசலிலோ சமமான இடத்திலோ, ஜாக்குகளைக் கையால் இயக்கி, ரசமட்டத்தை ஃபிரிட்ஜுக்கு முன்னால் தரையில் இரண்டு திசையிலும் வைத்துச் சரிபார்த்து, பிறகு கையேட்டில் உள்ளபடி பூஜ்ஜியப் புள்ளியைப் பதியுங்கள். அடுத்து, டிரெய்லரின் வெளிப்பக்கத்திலும் கிங்பின் பெட்டியிலும் (டிரெய்லரின் முன்முனையில், டிரக்கின் ஹிட்ச் என்ற கொக்கித் தட்டில் மாட்டும் கிங்பின் உள்ள பகுதி) குமிழ் மட்டம் ஒன்றொன்று ஒட்டிவிடுங்கள். வண்டி துல்லியமாக மட்டத்தில் இருக்கும்போது ஒட்டினால்தான் பின்னாளில் அந்தக் குமிழை நம்பமுடியும்.

ஃபிரிட்ஜைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேஸிலும் கரண்டிலும் ஓடும் அம்மோனியா வகை ஃபிரிட்ஜில் திரவம் தன் எடையால்தான் கீழிறங்குகிறது. சாய்ந்து நின்றால் அது ஒரு மூலையில் தேங்கிச் சூடாகி, நாளடைவில் குழாயை அடைத்துவிடும். பல மாடல்களில் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரிதான் எல்லை. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. ஆனாலும் குளியலறைத் தண்ணீர் வாட்டத்துக்கும், தானாகத் திறந்துகொள்ளும் கதவுக்கும், தூக்கத்துக்கும் மட்டம் வேண்டும்.

3. இடத்துக்குள் நுழைந்ததும் எதையும் கழற்றாதீர்கள்

முதலில் வண்டியை விட்டு இறங்கி இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மேலே கிளை, பக்கத்தில் மேசை, ஸ்லைடு (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி) திறக்கும் திசையில் மின்கம்பம். இரண்டடி முன்னே தள்ளி நிறுத்தினாலே பாதிச் சாய்வு போய்விடும் இடங்கள் உண்டு. பலகையை எடுப்பதைவிட அது சுலபம்.

நிறுத்தியபின் பக்கவாட்டுச் சாய்வை டிகிரியில் அளந்துகொள்ளுங்கள். இந்த வண்டிகளில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 80 இன்ச். 1 டிகிரி சாய்ந்தால் தாழ்ந்த பக்கம் சுமார் 1.4 இன்ச் பள்ளத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நம் பலகையோ ஒன்றரை இன்ச். ஆக, ஒரு பலகைக்கு ஒரு டிகிரி. வேறு கணக்கே தேவையில்லை.

1 டிகிரிக்குள் இருந்தால் பலகை வேண்டாம். ஜாக் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து சக்கரம் கொஞ்சம் கீழே தொங்கும், டயர் தரையிலேயே இருக்கும். 1 டிகிரியைத் தாண்டினால் பலகை போட்டுவிடுவேன். சிலர் 2 வரை விடுவார்கள், அது அவரவர் ஸ்பிரிங்கைப் பொறுத்தது. மூன்று பலகை கேட்கிற இடம் என்றால், நான் முகாம் அலுவலகத்துக்குப் போய் வேறு இடம் இருக்கிறதா என்று கேட்பேன்.

முன்பின் சாய்வையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் மூக்கு, அதாவது முன்முனை, மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா? ஆறாவது படியில் அது தேவைப்படும்.

4. சக்கரத்தின் கீழ் பலகை

தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னாலோ பின்னாலோ பலகையைக் கிடத்தி, ஒருவர் வெளியே நின்று கை காட்ட, நத்தை வேகத்தில் ஏற்றுங்கள்.

அந்தப் பக்கத்து இரண்டு டயரும் ஏறவேண்டும். ஒன்று பலகையிலும் ஒன்று தரையிலும் நின்றால் அந்தப் பக்கத்துச் சுமை சமமாகப் பிரியாமல் ஒரு டயர் மேல் கூடுதலாக விழும். அது பொறுத்துக்கொள்ளும், ஆனால் மன்னிக்காது. பாதிப்பு அடுத்த நெடுஞ்சாலையில்தான் தெரியும்.

டயரின் முழு அகலமும் பலகை மேல் பதியவேண்டும். இரண்டு அடுக்கு போடுவதானால் கீழே ஆறடி, மேலே ஐந்தடி. ஒரே நீளத்தில் இரண்டை அடுக்கினால் மேல் பலகையின் முனை கீழ்ப் பலகையின் சாய்வுக்கு மேல் ஆதாரமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சக்கரம் அழுத்தும்போது மறுமுனை எழும்பலாம், ஊஞ்சல் பலகை மாதிரி.

ஏற்றி நிறுத்தியபின் குமிழைத் திரும்பப் பாருங்கள். அரை டிகிரி மீதி இருந்தால் போகட்டும், மிச்சத்தை ஜாக் பார்த்துக்கொள்ளும்.

5. சக்கரக் கட்டை

டிரெய்லருக்குக் கை பிரேக் கிடையாது. அதன் மின்சார பிரேக் டிரக்கின் ஏழு முனை வயர் இருக்கும்வரைதான் நம் பேச்சைக் கேட்கும். வயரைக் கழற்றிய நொடியில் இருந்து ஏழு டன் வண்டியைப் பிடித்து நிறுத்துவது நீங்கள் வைக்கும் ரப்பர்க் கட்டைகள் மட்டும்தான்.

எனவே கட்டை வைக்கும் வேலை கிங்பின் கழலும் முன்னரே முடிந்திருக்கவேண்டும். பலகை போடாத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ரப்பர்க் கட்டையை வைத்துக் காலால் உதைத்து இறுக்குங்கள். பலகை மேல் நிற்கும் பக்கத்தில் கட்டையும் பலகை மேலேயே உட்காரவேண்டும். எக்ஸ் கட்டையை இரண்டு பக்கமும் மாட்டுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். அது ஆட்டத்தைக் குறைக்கும் துணை.

பிரேக் அவே வயரைப் பிடுங்கிவிட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். பிடிக்கும், பேட்டரி தீரும்வரை. அது ஓடும் வண்டி கழன்றுவிட்டால் காப்பாற்றுவதற்காக வைத்தது, நிறுத்திவைப்பதற்கு அல்ல.

6. முன்கால்களை இறக்கி டிரக்கைக் கழற்றுவது

முன்கால், அதாவது முன்ஜாக், இரண்டுக்குள்ளும் பூட்டு ஊசியை (பின்) இழுத்தால் கீழே நழுவும் உள்கால் இருக்கும். அதை எந்தத் துளையில் மாட்டுவது என்பதில்தான் பலர் சிக்குகிறார்கள்.

தரைக்கு மேல் நான்கைந்து இன்ச் இடைவெளி இருக்கும்படி விடுவது பொதுவான பழக்கம். ஆனால் மூக்கு மேலே நிற்கும் இடத்தில் டிரக் போனபின் மூக்கு கீழே இறங்கவேண்டும். உள்காலை நீளமாக விட்டிருந்தால் ஜாக்கின் சிலிண்டர் முழுக்கச் சுருங்கியும் மூக்கு இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே உள்காலைக் குட்டையாக விடுங்கள், கட்டையும் ஒன்றே போதும். மூக்கு தாழ்ந்த இடத்தில் நேர்மாறு: சிலிண்டர் நிறையத் தூக்கவேண்டும், நீளம் போதாமல் பாதியில் நிற்கும். அங்கே உள்காலை நீளமாக விட்டு, அடியில் கட்டையும் கூட்டிப் போடுங்கள். இடது வலது உள்கால்கள் ஒரே எண் துளையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து முன்ஜாக்கை இறக்கி, டிரக்கின் பின்பக்கம் லேசாக எழும்பும்வரை மட்டும் தூக்குங்கள். ஹிட்ச் தட்டுக்கும் கிங்பின் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தூக்கவேண்டாம், கிங்பின் ஹிட்ச்சின் தாடையில் மாட்டி இறுகும். தாடையைத் திறக்கும் நெம்புகோல் இறுக்கமாக இருந்தால் அடித்து உடைக்காமல், டிரக்கை ஒரு இழை பின்னால் தள்ளி பார்க்கில் போடுங்கள், இளகும்.

பிறகு இந்த ஒழுங்கில்: டிரக்கின் பின்கதவை இறக்கு, ஏழு முனை வயரைக் கழற்று, பிரேக் அவே வயரைக் கழற்று, நெம்புகோலை இழு. எல்லாம் முடிந்ததும் டிரக்கை ஒரே அடி மட்டும் முன்னே நகர்த்தி நிறுத்திவிட்டு இறங்கி வாருங்கள். முன்கால் மண்ணில் புதைகிறதா, கட்டை சாய்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு அடியில் கிங்பின் பெட்டி இன்னும் ஹிட்ச்சுக்கு மேலேயே இருக்கும். இறங்கினாலும் இரண்டு இன்ச் இறங்கி அதன் மேல் உட்காரும். நேராக ஓட்டிக்கொண்டு போயிருந்தால் விழுவது டிரக்கின் பக்கச்சுவர் மேல்.

டிரக் போனபின் முன்ஜாக்கைத் தொடாதீர்கள். பல கன்ட்ரோலர்கள் ஆட்டோ லெவல் அமுக்கும்போது மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதைத்தான் ஹிட்ச் உயரமாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. கிளம்பும் நாளில் அதே உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். நான் இதை முழுக்க நம்பாமல் முன்காலில் அந்த உயரத்தில் ஒரு டேப் ஒட்டிவைக்கிறேன்.

7. மற்ற நான்கு ஜாக்குக்கும் கட்டை

இரண்டு காரணம். சிலிண்டர் எவ்வளவு குறைவாக வெளியே நீள்கிறதோ அவ்வளவு ஆட்டம் குறையும். இரண்டாவது, தரை: மழை பெய்த மண், சரளை, டெக்சாஸ் கோடை வெயிலில் இளகிய தார். தாரில் பாதம் பதிந்த வட்டத்தைக் கிளம்பும்போது பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். குளிர்ப் பிரதேசத்தில் பாதம் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும் பலகை உதவும்.

பாதத்துக்கு நேர் கீழே, நடுவில் வையுங்கள். இரண்டு அடுக்கு என்றால் மேல் மரத்தைக் கீழ் மரத்துக்குக் குறுக்காக. சக்கரத்துக்குப் பலகை போட்ட பக்கத்தில் வண்டியும் அந்த அளவு உயர்ந்திருக்கிறது. அதே உயரத்தை அந்தப் பக்கத்து ஜாக்குகளுக்கும் கூட்டிக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு, ஒரு ஜாக் மட்டும் ஏன் நீளம் போதாமல் நிற்கிறது என்று எண்ணெயைச் சந்தேகித்தவர்களில் நானும் ஒருவன்.

8. ஆட்டோ லெவல்

முகாம் மின்சாரத்தைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். வயரில் தளர்வு விட்டிருங்கள், வண்டி மேலே எழும்பும். பம்ப் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது, இழுக்கும் கரண்ட் ரொம்ப அதிகம். நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12க்குப் பக்கத்தில் இருந்தால் நடுவில் நின்றுவிடும்.

உள்ளே யாரும் இருக்கக்கூடாது. குழந்தை சோபாவில் குதித்தால் சென்சார் குழம்பி, திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே இருக்கும். பட்டனை அமுக்கிவிட்டு வெளியே நின்று ஜாக்குகளைக் கவனியுங்கள்.

பல சிஸ்டங்களில் முதலில் மூக்கு கீழே இறங்கும், மட்டத்துக்கும் கீழே. இது கோளாறு அல்ல. பின்ஜாக்குகள் தரையைத் தொடுவதற்கு அப்படித்தான் இடம் பண்ணிக்கொள்கிறது. புதியவர்கள் இந்த இடத்தில் பயந்து நிறுத்திவிடுவார்கள். கட்டை நழுவினாலோ சக்கரம் உருண்டாலோ மட்டும் நிறுத்துங்கள்.

முடிந்ததும் மூன்று பார்வை. நான்கு டயரும் தரையையோ பலகையையோ தொடுகின்றனவா? ஆறு பாதங்களும் சுமை தாங்குகின்றனவா, காலால் தட்டினால் அசைகிறதா? சக்கரக் கட்டைகள் இன்னும் இறுக்கமா? வண்டி எழும்பியதில் கட்டைகள் தளர்ந்திருக்கும், எக்ஸ் கட்டையும் தளரும், திரும்ப இறுக்குங்கள். எல்லாச் சக்கரமும் தொங்கினால் வண்டி ஆறு குச்சிக் கால்களில் நிற்கிறது. சக்கரக் கட்டையால் பயனே இல்லை. பின்ஜாக்குகளை மேலே ஏற்றி, டிரக்கை மாட்டி, மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.

இந்த ஜாக்குகளில் தூக்கிவைத்து டயர் மாற்றுவது, அடியில் புகுவது இரண்டும் வேண்டாம்.

9. பாதியில் நின்றால்

கன்ட்ரோலர் திரையில் லோ வோல்டேஜ் என்று வந்தால் பேட்டரி. டிரக்கின் ஏழு முனை வயர் வழியாக வருவது சொட்டு நீர்; முகாம் மின்சாரமோ ஜெனரேட்டரோ வேண்டும்.

எக்ஸஸ் ஆங்கிள் என்றால் கன்ட்ரோலர் ஏற்கும் அளவைவிடத் தரை சாய்ந்திருக்கிறது. அவுட் ஆஃப் ஸ்ட்ரோக் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரின் நீளம் தீர்ந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து பட்டனில் இல்லை, பலகையில்தான்.

எண்ணெய் குறைவு என்று தோன்றினால் ஜாக்குகள் நீண்டிருக்கும்போது ஊற்றாதீர்கள். எல்லா ஜாக்கும், ஹைட்ராலிக் ஸ்லைடு என்றால் அதுவும், முழுக்கச் சுருங்கியிருக்கும்போதுதான் தொட்டியில் உண்மையான அளவு தெரியும். நீண்டிருக்கும்போது நிரப்பினால், கிளம்பும் நாளில் சிலிண்டரில் இருந்து திரும்பும் எண்ணெய் முழுவதும் தொட்டி வாயில் வழிந்து அறை நாறும். பெரும்பாலான பம்புகளுக்குக் ஆட்டோமேட்டிக் கார் கியருக்கு ஊற்றும் ஏ.டி.எஃப் எண்ணெய்தான், எந்த ரகம் என்பதைக் கையேட்டில் பார்த்து ஊற்றுங்கள்.

மோட்டார் செத்துவிட்டால் பல பம்புகளைக் கை டிரில்லால் சுற்றி இயக்கலாம். அதற்கான பிட் அளவைப் பாலைவனத்தில் தேடாமல் வீட்டிலேயே பார்த்து வாங்கி வையுங்கள்.

10. ஸ்லைடு

மட்டம் முடிந்த பிறகே ஸ்லைடு, உங்கள் கையேடு வேறு மாதிரி சொன்னால் ஒழிய. சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கும்போது தள்ளினால் ஸ்லைடு ஒரு பக்கம் உரசும், ரப்பர் கிழியும். இரவுக் குளிரில் எண்ணெய் சுருங்கிக் குமிழ் கொஞ்சம் நகரலாம். அதற்காக ஸ்லைடு வெளியே இருக்கும்போது ஆட்டோ லெவலை அமுக்காதீர்கள்.

11. கிளம்பும்போது

ஸ்லைடுகள் உள்ளே. பிறகு, ஜாக்கைத் தொடும் முன், சக்கரக் கட்டைகளைத் திரும்ப உதைத்துப் பாருங்கள். பின்ஜாக்குகள் எப்போது ஏறும் என்பது சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும். ஆனால் ஏறிய நொடியில் வண்டி சக்கரத்தில் நிற்கிறது, டிரக் இன்னும் மாட்டவில்லை. நான் கேள்விப்பட்ட உருண்ட வண்டிகளில் பல இந்த நிமிடத்தில்தான் உருண்டன.

ஹிட்ச் உயரத்துக்குக் கொண்டுவந்து, டேப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிங்பின் தட்டு ஹிட்ச் தட்டைவிட ஒரு அரை இன்ச் தாழ்வாக இருந்தால் நல்லது. டிரக் பின்னால் வரும்போது தட்டு உரசி ஏறி உட்காரும். உயரமாக இருந்தால் கிங்பின் தாடையின் விளிம்பில் நின்று, மூடியது போலவே தோன்றும். டார்ச் அடித்துத் தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருப்பதையும், தட்டுகளுக்கு நடுவே இடைவெளி இல்லாததையும் கண்ணால் பாருங்கள்.

வயர்களை மாட்டி, பின்கதவை மூடி, முன்ஜாக்கைத் தரையிலிருந்து ஒரு இன்ச் மட்டும் தூக்குங்கள். சக்கரக் கட்டைகள் இருந்தபடியே, டிரெய்லர் பிரேக்கைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னே இழுங்கள். மாட்டியிருந்தால் டிரக் திணறும். மாட்டாவிட்டால் டிரெய்லர் ஒரு இன்ச்தான் விழும்.

அப்புறம் முன்ஜாக்கை முழுக்க ஏற்றி, உள்கால் இரண்டையும் தூக்கிப் பூட்டு ஊசியைப் போடுங்கள். உள்காலை மறந்து கிளம்பினால் முதல் ரயில் தண்டவாளத்தில் அது நினைவூட்டும். எக்ஸ் கட்டை, ரப்பர்க் கட்டை எடுத்தாயிற்று என்று பார்த்துவிட்டு, பலகையிலிருந்து மெல்ல இறக்குங்கள். இறங்கி வந்து பலகைகளை எண்ணுங்கள். நான் கொண்டுபோவது பலகை நான்கு, ஜாக் கட்டை பன்னிரண்டு. பின்ஜாக் கட்டை ஒன்று எப்போதும் புல்லில் கிடக்கும்.